வயிற்றுப்புண்ணும் கொள்ளும்



திருத்தணி மலையைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களுக்குக் கொள்ளு புதிய பயிரன்று. நம் பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகளில் உலவலு என்பதும் இதுவே. மாட்டுத் தீனி என்று பலர் ஒதுக்கும் இப்பயறு, வயிற்றுப்புண் ஆராய்ச்சியில் இடம் பெற்ற ஒன்றாகும்.

மைசூரில் பணிபுரிந்த ஆங்கில அறுவை மருத்துவர் பிராங்க் டோவி, சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண் தென்னிந்தியாவில் மிகுதியாகவும் பஞ்சாபில் குறைவாகவும் இருப்பதைக் கவனித்தார். தீட்டிய அரிசியோ மரவள்ளியோ முக்கிய உணவான இடங்களில் நோய் அதிகம். முழுக்கோதுமை, சில சிறுதானியங்கள், சில பயறுகள் உண்ணும் இடங்களில் குறைவு. அவரும் ஏ. பி. ஜெயராஜ் முதலியோரும் இவ்வுணவுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, 1980 முதல் கட்டுரைகள் வெளியிட்டனர். கொள்ளு எலிகளின் இரைப்பையைப் புண்ணிலிருந்து காத்தது. அதன் சாரங்களைப் பிரித்துப் பார்த்தபோது, காக்கும் தன்மை விதையின் கொழுப்பில் இருப்பது தெரிந்தது. புதிய அரிசித் தவிட்டின் எண்ணெயிலும் இத்தன்மை உண்டு. நாள்பட்டுக் காறிய எண்ணெயில் அதை எதிர்பார்க்க இயலாது.

இரைப்பையின் உட்சுவரை வழவழப்பான ஒரு படலம் மூடி, அமிலம் தாக்காமல் தடுக்கிறது. தாவரக் கொழுப்பிலுள்ள பாஸ்போலிப்பிடு போன்ற பொருள்கள் இந்தக் காப்பை வலுப்படுத்துகின்றன என்பது அவர்கள் கருத்து.

ஆனால் 100 கிராம் கொள்ளில் கொழுப்பு ஏறக்குறைய அரை கிராமே. எலிகளுக்குக் கொடுத்த சாரமும் நாம் உண்ணும் சுண்டலும் ஒன்றல்ல. நம் வீடுகளில் கொள்ளு வேகவைத்த நீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, வெந்த பயறை மாட்டுக்கு வைப்பது வழக்கம். கொழுப்பு நீரில் எளிதில் கரையாததால் அதன் பெரும்பகுதி மாட்டுக்கே போகிறது! பயறையும் சேர்த்துத் துவையலாகவோ மசியலாகவோ உண்பதே முறை.

புண் ஏற்கெனவே இருப்பவர்கள் கொள்ளை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியே பெரும்பாலான வயிற்றுப்புண்ணுக்குக் காரணம். இதை 1982-ல் கண்டறிந்த வாரனும் மார்ஷலும் 2005-ல் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமியை ஒழிக்க மருத்துவர் தரும் மாத்திரைகளை முழு நாளும் சாப்பிட வேண்டும். அடுத்த காரணம் வலி மாத்திரை. நாற்று நட்ட இடுப்பு வலிக்குக் கடையில் தாமாகவே ஆஸ்பிரின், டைக்ளோபினாக் வாங்கி, அதுவும் வெறும் வயிற்றில் விழுங்குவோர் ஊருக்கு ஊர் உண்டு. மலம் தார் போல் கறுத்தாலும், இரத்த வாந்தி எடுத்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டுத் தேவைக்குக் கால் ஏக்கர் போதும். ஏக்கருக்கு 8 கிலோ விதை வீதம், வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளியில் பருவமழை ஈரத்தில் விதைக்கலாம். பையூர் 2 மானாவாரிக்கு ஏற்ற இரகம். அறுவடை செய்த பயறை நன்கு உலர்த்தி, முழுப் பயறாகவே சேமித்து, வேண்டும்போது மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். விதைக்கென மருந்து கலந்து வைத்ததில் மீதமானதைச் சமையலுக்கோ மாட்டுக்கோ எடுக்கக் கூடாது.