முதற்சொற்பொழிவு தரும் பாடம்

"எல்லாவற்றையும்தான் கண்டுபிடித்துவிட்டார்களே! இனி நமக்கு என்ன மிச்சம்?" அறிவியல் பயிலுமாறு கூறும்போது நம் பிள்ளைகளுள் சிலர் இவ்வாறு கேட்பதுண்டு. அன்பு வாசகர்களே! இக்கேள்விக்குரிய விடை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த இரண்டு சொற்பொழிவுகளில் அடங்கியிருக்கிறது.

பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் ஓர் அழகிய மரபு உண்டு. பேராசிரியர் பதவியை அடைந்தவர் தமது துறையைப் பற்றிப் பொதுச்சபையில் தொடக்கச் சொற்பொழிவு நிகழ்த்துவார். சக அறிஞர்களோடு அவருடைய குடும்பத்தாரும் ஊராரும் அமர்ந்து கேட்பர். பொறியியலாயினும் அணுவியலாயினும், எளியோருக்கும் விளங்கும்படி எடுத்துரைப்பது அவர் கடமை.

இம்மரபு நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 786இல் (கி.பி. 1384) கெய்ரோ நகரின் கம்ஹிய்யா மத்ரஸாவில் ஆசிரியப் பொறுப்பேற்ற வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், அமீர்களும் பெருமக்களும் கூடியிருந்த சபையில் முதலுரை நிகழ்த்தினார். அவ்வுரையைத் தமது சுயசரிதையிலும் பதிவு செய்துள்ளார்.

மாக்ஸ்வெல் சொன்னது

1871ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கேம்பிரிட்ஜில் இயற்பியல் துறைக்கென ஏற்படுத்தப்பட்ட கேவண்டிஷ் பேராசிரியர் பதவியின் முதல் பேராசிரியராக ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொடக்கவுரை ஆற்றினார். செய்தி சரிவரப் பரவாததால் வந்தோர் சொற்பமே. பின்னர் அவர் நடத்திய முதல் வகுப்பையே தொடக்கவுரை எனக் கருதி மூத்த பேராசிரியர்கள் வந்தமர்ந்தனராம். அவரோ சென்டிகிரேட், பாரன்ஹீட் அளவைகளின் வேறுபாட்டை அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினாராம்!

பலர் கேளாது தவறவிட்ட அந்த உரையின் கருத்து என்ன? 'பெரிய உண்மைகளெல்லாம் தெரிந்துவிட்டன. இனி அளவைகளில் மேலும் ஒரு தசமதானத்தைச் சேர்ப்பதே வேலை' என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவியிருந்தது. அதனை மாக்ஸ்வெல் மறுத்தார். படைப்பின் செல்வம் ஆராய்ந்து முடியாதது என்றார். காலம் அவரை மெய்ப்பித்தது. அதே கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானையும், 1932இல் சாட்விக் நியூட்ரானையும் கண்டறிந்தனர்.

ஹாக்கிங் திருத்திக்கொண்டது

1980ஆம் ஆண்டு ஏப்ரலில், அதே பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தொடக்கவுரை நடைபெற்றது. நோயால் பேச்சுத் தெளிவிழந்திருந்தமையால் அவருடைய மாணவர் ஒருவர் அதனைப் படித்தார். இயற்பியலின் முழுமையான கோட்பாடு அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கிட்டிவிடக்கூடும் என்பது அதன் சாரம். நூற்றாண்டு முடிந்தது, கோட்பாடு கிட்டவில்லை. 2002இல் ஹாக்கிங் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, தேடலுக்கு முடிவில்லாதிருப்பதே மகிழ்ச்சிக்குரியது என்றார். தவற்றை ஒப்புக்கொள்வதும் அறிஞருக்கு அணிகலனன்றோ!

பெற்றோர்களே! மனிதனுக்கு அளிக்கப்பட்ட அறிவு சொற்பமே என்பது நமது நம்பிக்கை. அது சோம்பியிருப்பதற்கான சாக்கன்று. மேலும் தேடுவதற்கான தூண்டுதல். கல்வியைப் பெருக்கித் தருமாறு இறைவனிடம் இறைஞ்சக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். உங்கள் ஊரிலோ அண்மையிலோ உள்ள கல்லூரியில் அறிஞர் ஒருவர் பொதுவுரை நிகழ்த்துகிறார் என்று அறிந்தால், மகனையும் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். எல்லாம் விளங்காமற் போகலாம். ஆயினும், "இது எங்களுக்கு இன்னும் தெரியாது" என ஒரு பேராசிரியர் வாய்திறந்து சொல்வதை அவர்கள் ஒருமுறையேனும் கேட்கட்டும். "இனி நமக்கு என்ன மிச்சம்?" என்ற கேள்விக்கு அதுவே விடையாகும்.

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக! ஆமீன்.