மாப்பிள்ளை தேடும் ஆப்பிள் மரங்கள்

சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் மலைச்சரிவுகளில் ஏப்ரல் வந்தால் ஆப்பிள் தோட்டங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துவிடும். சுற்றுலாப் பயணிகளுக்குப் படம் எடுக்கும் நேரம். தோட்டக்காரர்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும் நாட்கள். மழையும் குளிரும் விடாமல் பிடித்துக்கொண்டால் தேனீ வெளியே வராது. அந்த ஆண்டு வருமானம் அவ்வளவுதான்.

வானிலை மட்டும் காரணமல்ல. சிக்கல் மரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. இப்பகுதியில் டெலிஷியஸ் ஆப்பிளை வேரூன்றச் செய்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய 1904இல் வந்த அமெரிக்கர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1932இல் இந்துவாகி சத்யானந்த் ஆனவர். அவர் தருவித்த டெலிஷியஸ், அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையாட் என்ற விவசாயியின் நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் தானாக முளைத்த ஒற்றை மரத்தின் வாரிசு. வாரிசு என்பதுகூடச் சரியல்ல. ஒட்டுப்போட்டே பெருக்கியதால் எல்லாம் அந்த மரமேதான். ராயல் டெலிஷியஸ் போன்றவை அதில் தோன்றிய சிறு மாற்றங்கள்.

ஆக, ஆயிரம் மரங்கள் நின்றாலும் உயிரியல் கணக்கில் ஒரே மரம். ஆப்பிளோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. சூலகமுடியில் ஒட்டிய மகரந்தத்தூள் முளைத்து, நூல் போன்ற குழலைச் சூலகத்தண்டு வழியே கீழே அனுப்புகிறது. தண்டில் உள்ள ஒரு நொதி, சொந்த ரகத்தின் குழலை நடுவழியிலேயே முடக்கிவிடுகிறது. ஒரே கோத்திரத்தில் சம்பந்தம் கூடாது என்பதில் பூ நம்மைவிடக் கண்டிப்பு.

அயல் ரகமென்றால் குழல் சூலை எட்டும். அது சுமந்து வருவது இரண்டு ஆண் அணுக்களை. ஒன்று முட்டையுடன் கலந்து கருவாகிறது. மற்றது மையத்திலுள்ள இரு உட்கருக்களுடன் சேர்ந்து கருவுக்கு உணவாகும் திசுவாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் கண்டு சொன்னவர் ரஷ்யாவின் செர்கேய் நவாஷின். நாம் சோறாக உண்பதும் தேங்காயாகத் துருவுவதும் இந்த இரண்டாவது சேர்க்கையின் பலனைத்தான்.

ஆப்பிளுக்குள் ஐந்து அறைகள். பொதுவாக அறைக்கு இரண்டு சூல். விதைகள் சுரக்கும் ஹார்மோன்கள்தான் சதையை வளர்க்கின்றன. கோணல் ஆப்பிள் கிடைத்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வற்றிய பக்கத்தில் பெரும்பாலும் விதை இருக்காது.

எனவே கோல்டன் டெலிஷியஸ், ரெட் கோல்டு போன்ற 'மாப்பிள்ளை' மரங்கள் இடையிடையே வேண்டும். ஆனால் சிவப்புப் பழத்துக்குத்தான் விலை. மஞ்சள் பழ மரத்துக்கு இடம் தர மனம் வராமல் பலர் அவற்றைக் குறைத்துக்கொண்டார்கள். பிறகு காய்ப்புக் குறைந்ததும், சிவப்பு மரத்திலேயே அயல் ரகக் கிளையை ஒட்டுவது, வேறு ரகத்தின் பூங்கொத்துகளைத் தண்ணீரில் செருகி மரத்தில் தொங்கவிடுவது என்று வழி தேட வேண்டியதாயிற்று.

தரகுக்குத் தேனீ வேண்டுமே? பூக்காலத்தில் தேனீப் பெட்டிகள் வாடகைக்கு வருகின்றன. இத்தாலியத் தேனீ என்று சொல்லப்படும் மேல்நாட்டு இனம் 1960களில் இதே ஹிமாசலின் நக்ரோட்டா பக்வானில்தான் இந்தியாவில் காலூன்றியது. அதுவும் சும்மா உழைப்பதில்லை. டெலிஷியஸ் பூவின் மகரந்தத் தாள்கள் நெருக்கமில்லாதவை. அனுபவசாலித் தேனீ பக்கவாட்டில் நாக்கை நுழைத்து, சூலகமுடியைத் தொடாமலே தேனைக் களவாடிப் போய்விடும்! ஆகவே பெட்டிகளை முன்கூட்டி வைக்காமல், பூக்கள் கொஞ்சம் விரிந்த பிறகே இறக்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள்.

பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் தரகரும் போய்விடுவார். சீனாவின் மாவ்சியன் மலைப்பகுதியில் அதுதான் நடந்தது. மருந்துக்குப் பயந்து தேனீ வளர்ப்போர் பெட்டி தர மறுக்க, அங்கே 1990களில் குடும்பம் குடும்பமாக மரமேறி, இறகும் சிறு தூரிகையும் கொண்டு பூப்பூவாக மகரந்தம் தடவினார்கள்.