சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் – 9: சட்டம் விட்டுக்கொடுத்த பாதி

“கம்பெனியிலேயே பத்து பர்சன்ட் பிடிச்சுட்டாங்களே சார், அப்புறம் நான் எதுக்கு வரி கட்டணும்?”

தனியாகத் தொழில் செய்பவர்கள் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பிடித்தம் வேறு, வரி வேறு. டிடிஎஸ் என்பது அரசாங்கம் முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்கிற பணம். ஆண்டு முடிந்து கணக்குப் போட்டால் வரி அதைவிட அதிகமாக வரலாம், குறைவாகவும் வரலாம். அதிகமென்றால் மீதியைக் கட்டவேண்டும். குறைவென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கவேண்டும். ரிட்டர்ன் போடாதவருக்கு அந்தப் பணம் தானாக வந்து சேராது.

தொழில்முறைக் கட்டணத்துக்குப் பிடித்தம் 10 சதவீதம். ஒரு நிறுவனம் ஓராண்டில் உங்களுக்குத் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000. பான் எண் தராமல் இழுத்தடிப்பவருக்கு 20 சதவீதம் போய்விடும். பிடித்த பணத்தை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்பதை வருமான வரித் தளத்தில் நீங்களே பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது “பிடிச்சிருக்கீங்க, கணக்குல காணோமே” என்று போன் செய்தால், எடுப்பவர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பார்.

இதைவிடப் பெரிய விஷயம் 44ஏடிஏ. 2016 பட்ஜெட்டில் வந்த பிரிவு. 1961 வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டதால், இது இப்போது 58ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. ஆனாலும் ஆடிட்டர்கள் வாயில் பழைய எண்தான் இன்னும் பல வருஷத்துக்கு வரும். நானும் அதையே சொல்கிறேன்.

விஷயம் எளிது. நீங்கள் ஓராண்டில் வாங்கிய கட்டணத்தில் பாதி உங்கள் வருமானம், மீதிப் பாதி செலவு என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. ரசீது கேட்பதில்லை, கணக்குப் புத்தகம் கேட்பதில்லை. மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். ரொக்கமாக வாங்கியது ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. ‘எனக்குப் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது’ என்று சொல்லவும் வழி இருக்கிறது. அப்போது வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் புத்தகமும் தணிக்கையும் வேண்டும்.

யாருக்கு இது? டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், இன்டீரியர் டெக்கரேட்டர், தகவல் தொழில்நுட்பக்காரர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கோடம்பாக்கமே அந்தப் பட்டியலில் உண்டு. நடிகர், கேமராமேன், எடிட்டர், நடன இயக்குநர், பாடகர், பாடலாசிரியர், வசனகர்த்தா, உடை வடிவமைப்பாளர், உதவி இயக்குநர்கூட. ஆனால் அதே வசனகர்த்தா சினிமாவை விட்டுவிட்டு வாரப் பத்திரிகையில் தொடர் எழுத வந்தால் பட்டியலில் அவருக்கு இடமில்லை. எழுதுவது அதே கை, அதே பேனா. இந்த வரியை எழுதுகிறவனுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. மொழிபெயர்ப்பாளர், கிராபிக் டிசைனர், கல்யாண போட்டோகிராபர் இவர்களின் பெயரும் கிடையாது. இவர்களில் யாரை வியாபாரக் கணக்கில் சேர்க்கலாம், யார் முழுக் கணக்குப் புத்தகம் எழுதவேண்டும் என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பக்கத்து மேஜைக்காரர் போட்ட ரிட்டர்னைப் பார்த்து அப்படியே போடாதீர்கள்.

பட்டியலுக்குள் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதும் ஒருவர் ஆண்டுக்கு 18 லட்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதி போக வருமானம் 9 லட்சம். 2025-26 ஆண்டுக்கான புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். அதே 18 லட்சத்தைச் சம்பளமாக வாங்கும் அவருடைய பழைய சகா, 75,000 நிலையான கழிவு போக, 1,50,800 ரூபாய் கட்டுகிறார்.

இதைக் கேட்டதும் ‘ஆஹா’ என்று குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 9 லட்சத்தை லாபமாக நினைக்கிற இடத்தில்தான் சறுக்கல். சகாவுக்கு நிறுவனம் பிஎஃப் போடுகிறது, கிராஜுவிட்டி சேர்க்கிறது, மருத்துவக் காப்பீடு எடுக்கிறது, லீவுக்குச் சம்பளம் கொடுக்கிறது, புது லேப்டாப் வாங்கித் தருகிறது, பயிற்சிக்கு அனுப்புகிறது. இவருக்கு இதெல்லாம் அந்தப் பாதியிலிருந்துதான் வரவேண்டும். சட்டம் அதைத் தொழிலுக்குச் செலவாகும் என்று நம்பி விட்டுக்கொடுத்திருக்கிறது.

நேரக் கணக்கிலும் இதே பாதி வருகிறது. அலுவலகத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 2,080. லீவு நாளும் அதில் அடக்கம், அதற்கும் சம்பளம் உண்டு. தனித்தொழிலில் 260 வேலை நாளில் பண்டிகை, காய்ச்சல், ஊரில் கல்யாணம், பிள்ளையின் பள்ளிக்கூட மீட்டிங் எல்லாம் போக 220 நாள் தேறினால் நல்லது. அந்த 220 நாளிலும் எட்டு மணி நேரத்துக்கும் பில் போட முடியாது. கொட்டேஷன் அனுப்புவது, “லோகோவைக் கொஞ்சம் பெருசாக்குங்க” என்ற திருத்தம், வராத பணத்துக்குப் போன், ஆடிட்டருக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் போக, காசாகும் நேரம் ஐந்து மணி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,100 மணி. 2,080இல் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

18 லட்சத்தை 2,080ஆல் வகுத்தால் மணிக்கு 865 ரூபாய். 1,100ஆல் வகுத்தால் 1,636. புதிதாக வெளியே வருகிறவர்கள் பழைய சம்பளத்தை முதல் எண்ணால் வகுத்து ரேட் சொல்லிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து “ராத்திரி பகலா உழைக்கிறேன், கையில ஒண்ணும் நிக்கல” என்கிறார்கள். உழைப்பில் குறை இல்லை, வகுத்த எண்தான் தப்பு.

பயிற்சியும் இந்தக் காசாகாத நேரத்துக்குள்தான் நுழையவேண்டும். அதனால்தான் முதலில் அதை வெட்டுகிறார்கள். 44ஏடிஏவில் இருப்பவருக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. 40,000 ரூபாய் கட்டி ஒரு படிப்புப் படித்தாலும் படிக்காவிட்டாலும் வரி ஒன்றுதான், ஏனென்றால் செலவை ஏற்கெனவே கழித்தாயிற்று. கணக்குப் புத்தகம் எழுதுகிறவர் தன் தொழிலைக் கூர்தீட்டிக்கொள்ள ஆகும் படிப்புச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். புதிதாக வேறு தொழிலுக்குப் போகப் படித்தால் அதற்கு இடம் கொடுக்கமாட்டார்கள். ஆக, சட்டம் பார்த்துப் படிக்க வைக்காது. இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபோது வார்த்தைக்கு இத்தனை பைசா என்று வாங்கிக்கொண்டிருந்தவர்களில், சப்டைட்டிலுக்கும் சட்ட ஆவணத்துக்கும் கையைத் திருப்பிக்கொண்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அந்தத் திருப்பத்துக்கு வேண்டியிருந்தது காசைவிட நேரம்தான். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டவேண்டும். இலவசமாகவே கிடைத்தும் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

‘தினமும் ஒரு மணி நேரம் படி’ என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. டெலிவரி நெருங்கினால் அந்த மணி நேரம் முதலில் பலியாகும். தொழிலுக்கென்று ஒரு பருவம் உண்டு. அதைப் பிடிப்பது மேல். கல்யாண போட்டோகிராபருக்கு ஆடியும் மார்கழியும் காலி. எடிட்டிங் மென்பொருளோ ட்ரோன் உரிமமோ, கற்றுக்கொள்ள அந்த இரண்டு மாதத்தை விட்டால் வேறு நாள் ஏது? ஆவணி பிறந்தால் முகூர்த்தம் கூப்பிட்டுவிடும்.

வரிக்கும் பருவம் உண்டு. பிடித்தம் போக 10,000 ரூபாய்க்கு மேல் வரி வருமென்றால் முன்வரி கட்டவேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுதும். 44ஏடிஏக்காரர்களுக்கு மார்ச் 15 ஒன்றே போதும். தவறினால் வட்டி.

வராத பாக்கிக்கு ஒரு வார்த்தை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் போதும். பதிந்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் சொல்கிறது; தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. வழக்குப் போடவேண்டும் என்றில்லை. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுங்கள். பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அதைக் கவனிக்கும், ஏனென்றால் உங்களுக்குக் காலத்தில் தராமல் ஆண்டு முடிந்தும் பாக்கி நிற்கிற பணத்தை அந்த ஆண்டுச் செலவாக அவர்களால் காட்ட முடியாது.

மறுபடி நம் கோயம்புத்தூர்க்காரர். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் உள்ளூர் நிறுவனங்கள் என்றால் 18 லட்சத்தில் 1,80,000 ரூபாய் பிடித்தமாகப் போயிருக்கும். வரி பூஜ்யம் என்பதால் முழுதும் திரும்ப வரும், ஆனால் அடுத்த ஆண்டு ரிட்டர்ன் போட்ட பிறகு. ஆண்டின் தொடக்கத்தில் பிடித்த பணம் ஒரு வருஷத்துக்கு மேல் முடங்கிக்கிடக்கிறது என்றே சொல்லலாம். இதற்கு வழி உண்டு. ‘எனக்கு இவ்வளவு வரி வராது, குறைத்துப் பிடியுங்கள்’ என்று வருமான வரித் துறையிடமே விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கலாம். பழைய சட்டத்தில் இது 197ஆம் பிரிவு. முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன் ஒழுங்காக இருக்கவேண்டும், இந்த ஆண்டு வரவின் உத்தேசக் கணக்கும் கொடுக்கவேண்டும். சான்றிதழ் கையில் வந்த பிறகு செலுத்தும் தொகைக்குத்தான் அது செல்லும்; ஏற்கெனவே பிடித்ததற்குச் செல்லாது. அதனால் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். டிசம்பரில் கேட்டு வருகிறவர்களை ஆடிட்டர்கள் அடுத்த ஏப்ரலுக்கு வரச்சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

(அடுத்த இதழில்: 20 லட்சத்தைத் தொட்டால் ஜிஎஸ்டி)