இருவாச்சிக்கும் வேண்டும் ஒரு குவார்ட்டர்ஸ்

இன்று ராஜாஜி மார்க் என்று நாம் அழைக்கும் சாலைக்கு முன்பு கிங் ஜார்ஜ் அவென்யூ என்று பெயர். அங்கே 2-ம் எண் பங்களாவில் 1955 முதல் 1960 வரை பிரிட்டிஷ் ஹைகமிஷனர் மால்கம் மக்டொனால்ட் குடியிருந்தார். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராம்சே மக்டொனால்டின் புதல்வர் இவர். ராஜதந்திரக் கோப்புகள் போக மிஞ்சிய நேரத்தில் தோட்டத்துக்கு வந்து போகும் பறவைகளையும், அங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தவற்றையும் கவனித்துக் குறிப்பெழுதினார். அக்குறிப்புகள் 1960-ல், 'எனது இந்தியத் தோட்டத்துப் பறவைகள்' என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலப் புத்தகமாக வெளிவந்தன. படங்கள் கிறிஸ்டினா லோக் எடுத்தவை. காட்டுக்குப் போகாமல், வீட்டுத் தோட்டத்தில் கண்டதை வைத்தே ஒரு முழுப் புத்தகம்!

அதே சாலையில் 10-ம் எண் வீட்டில்தான் ஓய்வுக்குப் பிறகு அப்துல் கலாம் வாழ்ந்தார். 2015-ல் மறையும்வரை அந்தத் தோட்டத்து மருத மரம் அவருக்கு உற்ற தோழன். அதற்கு முன் ராஷ்டிரபதி பவனில் இருந்தபோது, உலாவப் போன இடத்தில் ஒரு மயில் வாயை மூட முடியாமல் தவிப்பதைக் கண்டு கால்நடை மருத்துவரிடம் சொன்னார். மயிலின் வாயில் கட்டி. அறுவை செய்து அகற்றி, குணமானதும் மறுபடி தோட்டத்தில் விட்டார்கள். நாட்டின் முதல் குடிமகனுக்கு மயிலின் முகத்தைப் பார்க்கவும் நேரம் இருந்தது.

ஹைகமிஷனர் பங்களா எங்கே, நமது டைப்-2 குவார்ட்டர்ஸ் எங்கே என்று கேட்கலாம். பறவைகளுக்குச் சம்பள விகிதம் தெரியாது. சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் தரைத் தளத்து வீட்டுக்காரர்கள் நாலு முழ மண்ணில் கறிவேப்பிலையும் துளசியும் வைத்து வளர்த்தார்கள். அந்த நாலு முழத்துக்கும் விருந்தாளிகள் வருவார்கள். இலைகளை மடித்து நூல் கோத்துத் தைக்கும் தையல்சிட்டு, கொண்டையை விரித்துப் புல்லில் புழு தோண்டும் கொண்டலாத்தி, கூட்டமாக வந்து கூச்சல் போடும் தவிட்டுக் குருவி எல்லாம் ஹைகமிஷனருக்குக் காட்டிய அதே வித்தையை நமக்கும் காட்டும். குளிர் காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வாலாட்டிகள் இறங்கி வரும். அதுவரை வாய் திறக்காத குயில், மாமரம் பூத்து ஓய்ந்ததும் விடியற்காலை நாலு மணிக்கே ஆரம்பித்துவிடும்.

முதுகில் எத்தனை கோடு?

தில்லிக்குப் புதிதாக வந்த நம்மவர் முதலில் கவனிக்க வேண்டியது அணிலை. நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. சேது கட்டியபோது ராமபிரான் தடவிக் கொடுத்த விரல் தடம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தில்லி அணிலுக்கோ ஐந்து கோடு! இது வட நாட்டுக்கே உரிய வேறு இனம். (ஐந்து விரலாலும் தடவியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக் கொள்ளலாம்.) குரங்கும் அப்படியே. நம் பக்கத்துக் குரங்குக்குத் தலையில் குல்லாய் போல மயிர், நீண்ட வால். இங்கே இருப்பது வால் குட்டையான, முகமும் பின்புறமும் சிவந்த ஜாதி.

குரங்கு விஷயத்தில் மட்டும் விருந்தோம்பல் வேண்டாம். செவ்வாய்க்கிழமை அனுமாருக்கு என்று வாழைப்பழம் போடுவதால்தான் அவை வீட்டுக் கதவைத் தட்டும் அளவுக்குத் துணிந்தன. 2007-ல் தில்லியின் துணை மேயர் ஒருவரே குரங்குகளை விரட்டப் போய் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். பிடித்த குரங்குகளை அசோலா-பாட்டி சரணாலயத்தில் விடும்படி அதே ஆண்டு ஹைகோர்ட் உத்தரவிட்டது. கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி தானாக வந்து கொய்யாவைக் கடித்துவிட்டுப் போனால் நமக்குக் கொய்யாதான் நஷ்டம்.

மே, ஜூன் வெயிலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைத்தால் போதும். பால்கனிக்கும் விருந்தாளி வரும். சட்டி ஆழமில்லாமல் இருக்க வேண்டும். தினமும் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும். சோதனைக்கு வரும் மாநகராட்சி ஆள் பறவைக்கு வைத்தது என்று சொன்னால் விடமாட்டார், சலான் எழுதிவிடுவார்.

மரம் போனால்

இவ்வளவும் இருந்தும், இந்த விருந்தாளிகளுக்கு இப்போது இடம் இல்லாமல் போகிறது. 1950-களில் எழுந்த அரசுக் குடியிருப்புகளில் ஏழை இடித்து அடுக்கு மாடிகள் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சரோஜினி நகர் (பழைய ஆட்களுக்கு விநய் நகர்), நேதாஜி நகர், நவ்ரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ நகர், ஸ்ரீனிவாசபுரி, முகம்மத்பூர். நம்மவர் மூன்று தலைமுறையாக ரேஷன் கார்டு வைத்திருந்த பேட்டைகள் இவற்றில் உண்டு. ஆயிரக்கணக்கில் மரங்கள் வெட்டப்படும் என்று தெரிந்ததும் 2018 ஜூனில் குடியிருப்போர் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஹைகோர்ட் வெட்டுக்குத் தடை விதித்தது. திட்டத்தில் மாற்றம் செய்தார்களே தவிர, திட்டம் நிற்கவில்லை. பல இடங்களில் கோபுரங்கள் எழுந்துவிட்டன. அந்த உயரத்துக்கு வரும் விருந்தாளி பெரும்பாலும் புறா ஒன்றுதான். அதற்கும் வலை கட்டிவிடுகிறார்கள்.

வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவது தில்லியில் விதி. கணக்குக்குச் சரி. ஆனால் சாம்பல் இருவாச்சிக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. பெரிய வளைந்த அலகுள்ள இந்தப் பறவை முதிர்ந்த மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். பெண் பறவை உள்ளே புகுந்து, எச்சமும் மண்ணும் குழைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். ஒரு சிறு இடுக்கு மட்டும் மிஞ்சும். அதன் வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் ஆலம்பழமும் அத்திப்பழமும் கொண்டு வந்து ஊட்டும். ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருப்பவை பட்டினிதான். பத்துக் கன்றில் ஒன்றிலாவது பொந்து விழ எத்தனை வருஷம் ஆகும்? கன்று நட்டவர் பென்ஷன் வாங்கிய பிறகும் ஆகாது.

லோதி தோட்டத்திலும், புது தில்லியின் பழைய சாலையோர மரங்களிலும் இருவாச்சிகள் இன்னும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் ஆபீசுக்குப் புறப்படுமுன் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பி, பெரிய அரச மரமோ வேப்ப மரமோ கண்டால் அண்ணாந்து பாருங்கள். ஒரு சாம்பல் நிறப் பறவை அலகில் பழத்தோடு திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து போனால், மரத்துக்குள் குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம்.