எதிர்ப்பொருளைப் பற்றும் அச்சுக் கூழ்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் பாத்திரக் கடைகளில் பித்தளை விளக்குகளைக் காணாதார் இலர். பழைய வார்ப்பு முறையில், மெழுகு உருவின் மீது களிமண் பூசிச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேற, அதன் வடிவம் உள்ளே வெற்றிடமாக எஞ்சும். இவ்வுபாயத்தையே விஞ்ஞானிகள் மூலக்கூறுகளுக்கும் கையாளுகின்றனர்.

எதிர்ப்பொருள்கள் என்பவை நோய்க் கிருமிகளை எதிர்க்கும் இரத்தப் புரதங்கள். பிறவியிலேயே இவை குறைந்த குழந்தைகளுக்குப் பிறர் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களே மருந்து. இந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் 1980-களில் உருவாக்கிய இரத்தப் பை போன்றவற்றில் இரத்தத்தைச் சேர்த்துச் சுழற்றினால், அணுக்களும் பிளாஸ்மாவும் பிரியும். எனினும் பிளாஸ்மாவில் ஆல்புமின் முதலிய பல புரதங்கள் கலந்துள்ளன. தொழிற்சாலைகளில் ஆல்கஹால் கொண்டு இவற்றைப் படிப்படியாகப் பிரிப்பது வழக்கம். எதிர்ப்பொருளை நுட்பமாகப் பற்றவல்ல பாக்டீரியாவின் 'ஏ' புரதமோ விலை மிக்கது.

இங்கேதான் அச்சுக் கூழ் உதவ முன்வருகிறது. எதிர்ப்பொருளைச் சுற்றிப் பாலிமர்க் கூழை உறையச் செய்து, பின்னர் அப்பொருளைக் கழுவி நீக்குவர். அதற்கு ஏற்ற குழிகள் கூழில் எஞ்சும். பிளாஸ்மாவைச் செலுத்தினால், பொருந்தும் மூலக்கூறுகள் அக்குழிகளில் தங்கும். ஏனையவை பெரும்பாலும் கடந்து செல்லும். கரைசலை மாற்றித் தங்கியவற்றை விடுவித்தபின், கூழை மீண்டும் பயன்படுத்தலாம்.

எதிர்ப்பொருள் மிகப் பெரியது. அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,50,000. ஆகவே அது கூழினுள்ளே சிக்கிக்கொள்ளக்கூடும். அதன் ஒரு பகுதியை மட்டும் அச்சாகக் கொள்வது இதற்கு ஒரு பரிகாரம். கழுவியபின் எஞ்சும் அச்சுப்பொருள் மருந்தில் கலவாதிருத்தலும் இன்றியமையாதது. இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளது. அது கைகூடின், இம்மருந்தின் விலை குறைய வழி பிறக்கும்.