சென்னை ஐக்கிய கிரிக்கெட் சங்கத்தின் வரலாறு

கிரிக்கெட் என்னும் பந்தாட்டம் இந்நாட்டிற்கு எங்ஙனம் வந்தது என்பதனைப் பலரும் எழுதியுள்ளனர். அது நம்மவர் கைக்கு எங்ஙனம் வந்தது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது. சென்னையைப் பொறுத்தவரை இவ்வரலாறு மயிலாப்பூரில், லஸ் என வழங்கும் பகுதியிலிருந்த ஒரு மாளிகையில் தொடங்குகின்றது.

1846-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தமக்கெனச் சென்னைக் கிரிக்கெட் சங்கத்தை நிறுவினர். அதற்குப் பின் ஏறத்தாழ இருபதாண்டு கழித்து, முன்னர் ஆர்க்காட்டு நவாபின் அரண்மனை நிலமாயிருந்த சேப்பாக்கத்தில் அச்சங்கத்திற்கு இடம் வாய்த்தது. பசும்புல் பரந்த வெளியும், நிழல் தரும் மரங்களும், பெவிலியன் எனப்படும் ஆட்ட மண்டபமும் அங்கே அமைந்தன. அவ்வழகிய இடத்தில் நம்மவர் வேடிக்கை பார்க்கலாம், பந்து பொறுக்கலாம், அழைக்கப்பட்டால் எதிரணியில் நின்று ஆடவும் செய்யலாம். ஆயின் மண்டபத்தினுள் கால் வைத்தல் கூடாது. நண்பகலில் ஆட்டம் நின்றவுடன் வெள்ளையர் மண்டபத்துள் அமர்ந்து உண்பர். அதுகாறும் அவரோடு ஆடிய இந்தியர் மரத்தடியை நாடிச் சென்று உண்ணல் வேண்டும். ஒரே பந்தை எறிந்து ஒரே வெயிலில் வியர்த்தவருள் ஒரு சாரார் மரத்தடிக்குப் போதல் எத்தகைய இழிவு என்பதை விரித்துரைக்க வேண்டுவதின்று.

இவ்விழிவை உளங்கொண்டவர் புச்சிபாபு நாயுடு. 1868-இல் பிறந்த இவரது இயற்பெயர் மோத்தவரபு வேங்கட மகிபதி நாயுடு என்பது. இவருடைய தாய்வழிப் பாட்டனார் தேரா வேங்கடசாமி நாயுடு, பாரி கம்பெனியின் துபாஷாக விளங்கியவர். துபாஷ் என்பார் இருமொழி வல்லுநர். வெள்ளை வணிகருக்கும் உள்ளூராருக்கும் இடையே நின்று வாணிகம் நடத்தியவர். அவ்வகையில் ஈட்டிய பெருஞ்செல்வத்தின் நடுவே லஸ் மாளிகையில் வளர்ந்த புச்சிபாபு, ஆங்கில மாதரைச் செவிலியராகவும் ஆசிரியராகவும் பெற்று, ஆங்கிலேயரின் நடையுடை பாவனைகளோடு அவர்தம் ஆட்டங்களையும் இளமையிலேயே கற்றார். அவர்களது மொழியும் ஆட்டமும் நன்கறிந்த ஒருவர்க்கே அவர்கள் இட்ட வேலி மிக உறுத்தியது போலும்!

வேலிக்கு வெளியே நின்று முறையிடுவதைக் காட்டிலும் வேறொரு களம் அமைத்தலே நன்றென அவர் துணிந்தார். 1888-ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதில், இந்தியர்க்கென்றே சென்னை ஐக்கிய கிரிக்கெட் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் இது சென்னை ஐக்கியச் சங்கம் எனச் சுருங்க வழங்கலாயிற்று. மயிலாப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மைல் வடக்கே, கோட்டைக்கும் நகருக்கும் இடையில் பீரங்கிகளின் குறிக்குத் தடையின்றி வெறுவெளியாக விடப்பட்டிருந்த எஸ்பிளனேடு நிலத்தில் அதன் ஆடுகளம் அமைந்தது. இன்று அங்கே ஓங்கி நிற்கும் உயர்நீதிமன்றம் 1892-இல்தான் கட்டி முடிந்தது. 1937-இல் தாம்பரத்திற்குப் பெயரும்வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அந்த எஸ்பிளனேட்டை நோக்கியே நின்றது என்பது கல்லூரி மாணாக்கர் நினைவிற் கொள்ளத்தக்கது.

வேற்று நாட்டுச் சங்கங்கள் தோன்றிய வகை வேறு. ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூராகிய ஆர்ப்ரோத்தில் 1878-ஆம் ஆண்டில் தோன்றிய கால்பந்துச் சங்கத்தை ஊரார் தம் ஊரின் உடைமையாகவே போற்றினர். அச்சங்கம் 1885-இல் ஓர் எதிரணியை 36-க்குச் சுழி என்ற கணக்கில் வென்ற செய்தி இன்றும் வியப்புடன் பேசப்படுவது. தோற்றவர் நிலையை எண்ணின் நமக்கு நகைப்பைவிட இரக்கமே மிகுகின்றது. அங்கே சங்கத்தைத் தாங்கியது ஊர். சென்னையிலோ அதனைத் தாங்கியது ஒருவர் பணப்பை. மட்டை, பந்து, காலுறை முதலாய கருவிகள் கடல் கடந்து வருவன, விலை மிக்கன, நடுத்தரக் குடும்பத்து இளைஞர்க்கு எட்டாதன. அவற்றைப் புச்சிபாபு தம் செலவிலேயே வாங்கி ஆடுவோர்க்கு அளித்தார். ஒரு செல்வரின் கொடையையே நம்பி நிற்கும் நிறுவனம் அவர்க்குப் பின் நிலைக்குமோ என ஐயுறுதல் இயல்பு. இச்சங்கம் நிலைத்தது.

நிற்க. ‘ஐக்கிய’ என்னும் அடைமொழி குறித்து ஒன்று சொல்லவேண்டும். பம்பாயில் இவ்வாட்டம் சமயவாரியாக வளர்ந்தது. பார்சிகள் 1848-லேயே தமக்கொரு சங்கம் கண்டனர். 1907-இல் இந்துக்களும், 1912-இல் முஸ்லிம்களும் தனித்தனி அணிகளாகப் போட்டியிற் புகுந்தனர். இந்து அணியின் சிறந்த பந்தெறியாளராகிய பல்வங்கர் பாலு தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பது காரணமாக, புனாவில் அவருக்கு மட்டும் தேநீர் மண்டபத்திற்கு வெளியே மட்குவளையில் தரப்பட்டது. மரத்தடி உணவு வெள்ளையர் மட்டுமே கண்டுபிடித்த கொடுமையன்று என்பதை நாம் மறத்தல் ஆகாது. சென்னையிலோ, இந்தியர் அனைவரும் ஓரணி, ஐரோப்பியர் மற்றோரணி என்ற முறையே வேரூன்றியது. காந்தியடிகள் 1940-இல் பம்பாய்ச் சமயவாரிப் போட்டிகளைக் கண்டித்தபொழுது, சென்னையார் அக்கண்டனத்திற்கு ஆளாகாமல் நின்றமைக்கு இம்முறையே காரணமாம்.

இருசாராரும் சமநிலையில் பொருதும் பெரும்போட்டி ஒன்றினை நடத்துவதே புச்சிபாபுவின் நெடுநாள் விருப்பம். இருபதாண்டு உழைப்பின் பின்னர் 1908-ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பியர்க்கும் இந்தியர்க்கும் சேப்பாக்கத்தில் போட்டி குறிக்கப்பெற்றது. அந்தோ! அதற்குச் சின்னாட்களே இருக்கையில், நாற்பதாம் வயதில், அவர் காலமானார். எனினும் போட்டி கைவிடப்படவில்லை. 1915-16 முதல் அது மாகாணப் போட்டி எனப் புகழ்பெற்று ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நிகழலாயிற்று. கரும்பும் மஞ்சளும் வாங்கும் நாட்களில் சேப்பாக்கத்திற்கும் செல்வதைச் சென்னை மக்கள் ஒரு வழக்கமாகவே கொண்டனர். சி. கே. நாயுடு போன்ற பெருவீரரும் அதில் இந்தியர்க்காக ஆடினர். 1951-52-இல் இறுதிப் போட்டி நடந்தேறியது. நாடு விடுதலை பெற்றபின் அவ்வகைப் பிரிவினைக்குப் பொருளில்லாமற் போயிற்று.

அதற்கு முன்னரே வேலி தளர்ந்திருந்தது. 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரஞ்சிக் கோப்பையின் முதற் போட்டி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நிகழ்ந்தது. சென்னை அணிக்குத் தலைவர் ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். முதற் பந்தை எறிந்தவர் எம். ஜே. கோபாலன், இரு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பதினோரு விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. ராம்சிங். மைசூர் 48, 59 என ஓட்டங்கள் எடுக்க, சென்னை 130 எடுத்து ஒரே நாளில் ஓர் இன்னிங்ஸாலும் 23 ஓட்டங்களாலும் வென்றது. முன்பு எதிரெதிரே நின்ற இருசாராரும் அன்று ஒரே அணியாய் நின்றனர்.

புச்சிபாபுவின் மைந்தர் பலரும் ஆட்டத்தில் வல்லவராயினர். அவருள் சி. ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவின் சார்பில் ஆடியவர். கிரிக்கெட்டில் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு வந்தது 1936-இல், இங்கிலாந்தில், நாற்பது வயது நிரம்பியபின். தந்தையார் மறைந்ததும் ஏறக்குறைய அவ்வயதில்தான். இடக்கையால் மட்டை பிடித்த அவர் மான்செஸ்டரில் 40-உம் 60-உம், இலண்டன் ஓவலில் 29-உம் ஆட்டமிழக்காமல் 41-உம் எடுத்தார். இரண்டே டெஸ்ட் ஆடியவர் சராசரி ஐம்பதுக்கு மேற்பட்டு நிற்பது அரிதினும் அரிது. இன்னும் முன்னரே அழைத்திருக்கலாகாதா என்பதே நம் குறை.

தந்தையார் பெயரால் 1909-10-இல் சங்கங்களுக்கிடையே தொடங்கப்பெற்ற நினைவுப் போட்டி, 1960-களின் பிற்பகுதியில் பிற மாநில அணிகளையும் அழைக்கும் அகில இந்தியப் போட்டியாக விரிந்தது. இடையிலே சில ஆண்டுகள் நின்று, 2023-இல் மீண்டும் தொடங்கப்பட்டது.