நோயாளியுடன் ஒரு துண்டும் போகட்டும்

மலையில் ஒருவருக்குக் குளவி கொட்டினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கிடைத்த வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். அது சரியான காரியமே. ஆனால் அங்கே டொக்டர், "எத்தனை மணிக்குக் கொட்டிச்சு? தோட்டத்துல என்ன மருந்து குடுத்தாங்க?" என்று கேட்டால், கூடப் போனவர் "தெரியாதுங்களே" என்று விழிக்கிறார். இதைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறோம்.

நேரம் ஏன் முக்கியம்? குளவி கொட்டிச் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, மயக்கம் வரும். அப்போது அட்ரினலின் ஊசி போடுவார்கள். குணம் தெரியாவிட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடியும் போட வேண்டி வரலாம். தேறியவருக்கும் சில மணித்தியாலங்களில் அதே நிலை திரும்ப வரக்கூடும். முதல் ஊசி போட்ட நேரம் தெரிந்தால்தான் அடுத்ததைத் தீர்மானிக்கலாம்.

பாரிசவாதமும் அப்படியே. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். "விடிய எழும்பும்போதே வாய் கோணியிருந்துச்சு" என்றால் போதாது. கடைசியாக எத்தனை மணிக்கு நல்லபடியாக இருந்தார் என்பதிலிருந்தே கணக்குப் பார்ப்பார்கள்.

ஆகவே ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதி அனுப்புங்கள்:

1. பெயர், வயது, தோட்டம், டிவிசன்.
2. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு.
3. தோட்டத்தில் கொடுத்த மருந்து, கொடுத்த நேரம்.
4. மயக்கம், வலிப்பு, வாந்தி வந்ததா, எப்போது.
5. ஏற்கெனவே உள்ள வருத்தங்கள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள்.

கையில் மணிக்கூடு இல்லையா? "காலைக் கொழுந்து நிறுத்த கையோடு" என்று எழுதினாலும் உதவும். கணக்கப்பிள்ளையிடம் கேட்டு நேரத்தைப் போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டாலும் இலக்கத்தை எவரும் வாசிப்பார். குடிக்கும் குளிசைகளின் பக்கற்றையும் கிளினிக் கொப்பியையும் சேர்த்து அனுப்புங்கள். கர்ப்பிணி என்றால் தாய்மார் அட்டையைக் கட்டாயம் கொடுங்கள். மருந்தடிக்கும்போது நஞ்சேறினால் போத்தலின் லேபலும் போக வேண்டும்.

1990 அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் வந்தது. காசு கட்டத் தேவையில்லை. அழைக்கும்போது தோட்டம், டிவிசன், மெயின் ரோட்டில் திரும்பும் சந்தி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். சந்தியில் ஒருவரை நிறுத்துங்கள். துண்டை அம்புலன்சில் வருபவர் கையிலேயே கொடுங்கள். அவர் எழுதும் அறிக்கைக்கும் அதுவே ஆதாரம்.

தோட்ட வைத்திய உதவியாளரிடம், "ஐயா, குடுத்த மருந்த எழுதித் தாங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது நோயாளியின் உரிமை. எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். ஒவ்வொரு லயத்திலும் ஒரு பென்சிலும் நாலு தாளும் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.